டீ விலை குறைஞ்சும் ஏன் கடலில் கொட்டினாங்க? பாஸ்டன் சொல்லித் தரும் வரிப் பாடம்



ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட் வீடியோ போட்டதும், கமெண்ட்ல இப்படி ஒருத்தராவது எழுதிடுவார்: "டீக்கு வரியை ஏத்தினதுக்கே அமெரிக்காக்காரன் கப்பல்ல ஏறி டீயைக் கடல்ல கொட்டினான். நாம என்னடான்னா சம்பளத்துல பிடிச்சது போக மிச்சத்தை வாங்கிட்டு சும்மா இருக்கோம்."

கோபம் புரியுது. ஆனா அந்த வரலாறு தப்பு. 1773-ல் அமெரிக்காவில் டீ மேல வரி ஏறவே இல்லை. அந்த வருஷம் வந்த சட்டத்தால டீ விலை குறையத்தான் போகுது. மலிவா வந்த டீயைத்தான் கொட்டினாங்க.

அப்போ எதுக்குக் கோபம்? இதைப் புரிஞ்சுக்கிட்டா வரியைப் பார்க்கிற பார்வையே மாறும். வாங்க, கணக்கோட பார்க்கலாம்.

முதல்ல ரெண்டு அளவு. அந்தக் கால ஆங்கிலேயப் பணத்தில் 1 பவுண்டு = 20 ஷில்லிங் = 240 பென்ஸ். டீயை எடை போட்டதும் பவுண்டில்தான். ரெண்டும் குழம்பாம இருக்க, எடைக்கு நம்ம தாத்தா காலத்துச் சொல்லையே வெச்சுக்கலாம்: ராத்தல். 1 ராத்தல் சுமார் 450 கிராம்.

கதை தொடங்குவது ஒரு கடனில்

1756 முதல் 1763 வரை பிரிட்டனும் பிரான்சும் ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியான்னு உலகம் முழுக்க மோதின. ஏழாண்டுப் போர்னு பேர். பிரிட்டன் ஜெயிச்சது. கனடா கைக்கு வந்தது. கூடவே கடனும் வந்தது.

போருக்கு முன்னாடி சுமார் 7.5 கோடி பவுண்டா இருந்த அரசுக் கடன், 1763-ல் சுமார் 13 கோடி பவுண்டு ஆகிடுச்சு. அரசு வருமானத்தில் ஏறக்குறைய பாதி வட்டிக்கே போனது. மாசச் சம்பளத்தில் பாதி இஎம்ஐ-க்குப் போற வீட்டை நினைச்சுப் பாருங்க, அதே நிலைமை.

இதுக்கு மேல, புதுசாப் பிடிச்ச இடங்களைக் காக்க அமெரிக்காவில் சுமார் 10,000 சிப்பாய்களை நிரந்தரமா நிறுத்துறதுன்னு முடிவாச்சு. அந்தச் செலவை யார் ஏத்துக்கிறது? பிரிட்டனில் இருந்தவங்க அப்பவே அமெரிக்கக் குடியேற்றக்காரர்களை விடத் தலைக்குப் பல மடங்கு வரி கட்டிட்டு இருந்தாங்க. "உங்களைக் காக்கத்தானே படை? நீங்களும் கொஞ்சம் கொடுங்க"ன்னு லண்டன் கேட்டது. கேட்கும்போது நியாயமாத்தான் இருக்கு. இந்த நியாயத்தை மனசுல வெச்சுக்கோங்க, கடைசில திரும்ப வருவோம்.

முதல் ரெண்டு முயற்சி

1764-ல் பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் சர்க்கரைச் சட்டம் கொண்டு வந்தார். ரம் காய்ச்சத் தேவையான வெல்லப்பாகுக்கு கேலனுக்கு 6 பென்ஸ் இருந்த வரியை அவர் 3 பென்ஸாக் குறைச்சார். ஆனா பழைய 6 பென்ஸை யாரும் ஒழுங்கா வசூலிச்சதில்லை. வியாபாரிகள் சுங்க அதிகாரிகளைக் கவனிச்சிட்டுப் போயிடுவாங்க. புது 3 பென்ஸை நிஜமாவே வசூலிக்க ஆரம்பிச்சாங்க. மீறினா ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்தில் வழக்கு. விகிதம் பாதியாச்சு, கையை விட்டுப் போன பணம் கூடிடுச்சு.

அடுத்து 1765-ல் முத்திரைத்தாள் சட்டம். பத்திரம், உரிமம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரை போட்ட தாளில்தான் இருக்கணும். இந்த வரி பிரிட்டனில் 1694-லேயே வந்தாச்சு, புதுசில்லை. அமெரிக்காவில் மட்டும் ஏன் வெடிச்சது?

அங்கே ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் சொந்தச் சட்டமன்றம் இருந்தது. உள்ளூர் வரியை உள்ளூர்ல தேர்ந்தெடுத்தவங்கதான் போட்டாங்க. லண்டன் நாடாளுமன்றத்தில் அமெரிக்காவுக்கு ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது. 1689-ல் இங்கிலாந்தே தன் மன்னருக்கு எதிரா எழுதி வெச்ச உரிமைச் சட்டம், நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாம மன்னர் பணம் வசூலிக்கக் கூடாதுன்னு சொல்லுது. "அதே விதி எங்களுக்கும் பொருந்துமே. எங்க பிரதிநிதி இல்லாத சபை எங்க மேல எப்படி வரி போடும்?"னு கேட்டாங்க. 1765 அக்டோபரில் 9 குடியேற்றங்கள் நியூயார்க்கில் கூடி இதையே தீர்மானமாப் போட்டன. பிரிட்டிஷ் சரக்கை வாங்க மாட்டோம்னு வியாபாரிகள் நிறுத்தினாங்க. முத்திரைத்தாள் விற்க நியமிச்சவங்க பயந்து பதவியை விட்டாங்க.

1766 மார்ச்சில் லண்டன் சட்டத்தை வாபஸ் வாங்கிச்சு. ஆனா அதோட சேர்த்து இன்னொரு சட்டமும் போட்டது: அமெரிக்காவைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டத்தையும் போட எங்களுக்கு முழு அதிகாரம் உண்டு. பணம் வேண்டாம், உரிமை மட்டும் எங்களுடையதுன்னு எழுதி வெச்சுக்கிட்டாங்க. இனிமேல் வரப்போற சண்டை முழுக்க இந்த ஒரு வாக்கியத்தோட சண்டைதான்.

3 பென்ஸும் கவர்னர் சம்பளமும்

1767-ல் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் வேற வழி பிடிச்சார். கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகிதம், டீ ஆகிய 5 சரக்குக்கும் துறைமுகத்திலேயே இறக்குமதி வரி. டீக்கு ராத்தலுக்கு 3 பென்ஸ். மறுபடி புறக்கணிப்பு. 1770-ல் புதுப் பிரதமர் லார்ட் நார்த் நாலு வரியை எடுத்தார். டீ வரியை மட்டும் விட்டு வெச்சார். அமைச்சரவையில் அதுக்கு ஒரே ஒரு ஓட்டுதான் கூட இருந்தது.

ஏன் விட்டு வெச்சார்? ஒண்ணு, மேலே சொன்ன அந்த உரிமையை நிலைநாட்ட. இன்னொண்ணு, சம்பளம் வாங்குற நமக்கு உடனே புரியுற காரணம்.

மாசசூசெட்ஸில் கவர்னரை நியமிப்பது மன்னர். ஆனா சம்பளத்தை வருஷா வருஷம் ஒதுக்குவது உள்ளூர்ச் சட்டமன்றம். அதனால கவர்னர் அவங்களையும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும். டவுன்ஷெண்ட் சட்டம் இதைத்தான் குறி வெச்சது: வசூலாகும் வரியிலிருந்து கவர்னருக்கும் நீதிபதிகளுக்கும் நேரடியாச் சம்பளம். 1772-ல் மாசசூசெட்ஸில் அது நடைமுறைக்கு வந்தது. அதாவது, மக்கள் டீ குடிச்சுக் கட்டுற வரியில், மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத அதிகாரி உருவாகிறார். சம்பளம் யார் கையிலிருந்து வருதோ அவங்க பேச்சைத்தானே கேட்போம்?

இது வெறும் பயமும் இல்லை. மற்ற நீதிபதிகள் எதிர்ப்புக்குப் பிறகு அந்தச் சம்பளம் வேண்டாம்னாங்க. தலைமை நீதிபதி பீட்டர் ஆலிவர் மட்டும் வாங்குவேன்னு நின்னார். 1774-ல் சட்டமன்றம் அவர் மேல பதவி நீக்கத் தீர்மானமே கொண்டு வந்தது.

இந்த வரியைக் கட்டாம இருக்க மக்கள் கண்டுபிடிச்ச வழி எளிமையானது. ஹாலந்திலிருந்து கடத்தி வந்த டீயைக் குடிச்சாங்க.

நடுவுல ஒரு கம்பெனி திவாலாகப் போகுது

இப்போ நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் கதைக்குள்ள வர்றார்: கிழக்கிந்தியக் கம்பெனி.

1765-ல் வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமை கிடைச்சதும் கம்பெனிப் பங்கு லண்டனில் எகிறிச்சு. ஆனா 1769-ல் ஹைதர் அலி மெட்ராஸ் வாசல் வரைக்கும் படையோட வந்துட்டார். அந்தச் செய்தி மே மாசம் லண்டனை எட்டியதும் பங்கு சரிந்தது. கடன் வாங்கிப் பங்கு வாங்கினவங்க மாட்டிக்கிட்டாங்க. அடுத்து வங்காளத்தில் கொடும் பஞ்சம். மக்கள் லட்சக்கணக்கில் செத்தாங்க. ராணுவச் செலவு ஏறிட்டே போச்சு.

இந்த நிலையில் நிர்வாகம் என்ன செய்யணும்? டிவிடெண்டைக் குறைக்கணும். கம்பெனி அதை 12.5 சதவீதத்துக்கு ஏத்திச்சு! லாபம் பார்க்காம டிவிடெண்டை மட்டும் பார்த்துப் பங்கு வாங்காதீங்கன்னு நான் அடிக்கடி சொல்றேனே, அதுக்கு 250 வருஷப் பழைய உதாரணம் இது. 1772 ஜூனில் லண்டனில் ஒரு பெரிய வங்கி விழ, ஊரெல்லாம் கடன் வறண்டது. கம்பெனிக்குக் கையில் காசில்லை. கிடங்கில் மட்டும் விற்காத டீ ஒன்றரைக் கோடி ராத்தலுக்கு மேல் கிடந்தது. (அது சீன டீ. இந்தியாவில் தேயிலைத் தோட்டமெல்லாம் அடுத்த நூற்றாண்டில்தான் வந்தது.)

கம்பெனி விழுந்தா அரசுக்கும் அடி. கம்பெனி வருஷம் 4 லட்சம் பவுண்டு அரசுக்குக் கொடுத்துட்டு இருந்தது. அதனால 1773-ல் அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்து, அது அடையும் வரை டிவிடெண்ட் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டது. தேங்கின டீயை விற்க ஒரு வழியும் செஞ்சு கொடுத்தது. அதுதான் 1773 மே மாதத்து டீ சட்டம்.

விலை எப்படிக் குறைஞ்சது?

அதுவரை கம்பெனி டீயை லண்டனில் ஏலம் விடணும். அங்கே ஒரு வியாபாரி எடுப்பார், அவரிடம் அமெரிக்க வியாபாரி வாங்குவார், அவரிடம் கடைக்காரர். ஒவ்வொரு கையிலும் ஒரு லாபம். புதுச் சட்டம் மூணு வேலை பார்த்தது:

1. கம்பெனியே நேரா அமெரிக்காவுக்கு அனுப்பலாம். இடைத்தரகர் லாபம் போச்சு.
2. பிரிட்டனில் கட்டின இறக்குமதி வரி முழுசாத் திரும்பக் கிடைக்கும்.
3. அமெரிக்காவில் கட்ட வேண்டிய பழைய 3 பென்ஸ் அப்படியே இருக்கும்.

முதல் ரெண்டால, 3 பென்ஸ் கட்டின பிறகும் கடத்தல் டீயோட போட்டி போடுற விலைக்கு விற்கலாம்கிறது லண்டன் போட்ட கணக்கு.

நாடாளுமன்றத்திலேயே வில்லியம் டவுட்ஸ்வெல் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர், அந்த 3 பென்ஸை எடுக்காவிட்டால் அவங்க டீயை வாங்க மாட்டாங்கன்னு நார்த்துக்கு நேராவே எச்சரிச்சார். நார்த் கேட்கலை.

அந்த 3 பென்ஸை யார் கட்டுவாங்க? சரக்கு இறங்கும்போது கம்பெனியின் ஏஜெண்ட் கட்டிடுவார். கடையில் வாங்குறவருக்கு ஒரு விலைதான் தெரியும், அதுவும் குறைஞ்ச விலை. வரி உள்ளே ஒளிஞ்சிருக்கு. மலிவா இருக்கேன்னு எல்லாரும் வாங்கிக் குடிச்சுட்டா, "பாருங்க, லண்டன் போட்ட வரியை அமெரிக்கா ஏத்துக்கிச்சு"ன்னு ஆகிடும். இன்னைக்கு டீ, நாளைக்கு எதுவும் ஆகலாம்.

எதிர்த்த எல்லாரும் கொள்கைக்காக மட்டும் எதிர்த்தாங்கன்னு சொல்ல மாட்டேன். கடத்தல்காரர்களுக்குப் பிழைப்பு போகும். முறையா இறக்குமதி பண்ணின வியாபாரிகளுக்கும் பிழைப்பு போகும், ஏன்னா விற்கும் உரிமை கம்பெனி தேர்ந்தெடுத்த சில ஏஜெண்டுகளுக்கு மட்டும். பாஸ்டன் ஏஜெண்டுகளில் ரெண்டு பேர் கவர்னர் தாமஸ் ஹட்சின்சனோட மகன்கள்! சுயநலமும் கொள்கையும் ஒரே பக்கம் நின்னது.

1773 டிசம்பர் 16

நவம்பர் 28-ல் டார்ட்மவுத் என்ற கப்பல் பாஸ்டனுக்கு வந்தது. பின்னாடியே எலினர், பீவர். விதிப்படி 20 நாளுக்குள் வரி கட்டணும். இல்லேன்னா சுங்கத்துறை சரக்கை எடுத்துக்கும். எடுத்தா அது எப்படியாவது சந்தைக்கு வந்துடும். "டீயோட கப்பலைத் திருப்பி அனுப்புங்க"ன்னு ஊர் கேட்டது. வரி கட்டாம வெளியே விட முடியாதுன்னு ஹட்சின்சன் மறுத்தார்.

கெடு முடிய ஒரு நாள். பழைய தெற்குக் கூட்ட மண்டபத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். கவர்னரிடமிருந்து கடைசி மறுப்பும் வந்தது. அன்னைக்கு ராத்திரி, பூர்வகுடிகள் போல வேஷம் போட்டுக்கிட்டு சிலர் மூணு கப்பலிலும் ஏறினாங்க. சுமார் மூணு மணி நேரத்தில் 342 பெட்டி, 92,000 ராத்தலுக்கு மேல் டீ, கடலில் போச்சு.

இது சரியா? சொத்து தனியாருடையது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினே கம்பெனிக்கு நஷ்டஈடு கொடுப்பதுதான் முறைன்னு நினைச்சார். லண்டன் அதோட நிற்கலை. நஷ்டஈடு வரும் வரை பாஸ்டன் துறைமுகத்தையே 1774 ஜூன் 1 முதல் மூடிச்சு. மாசசூசெட்ஸ் ஆட்சி அமைப்பையே மாத்தி எழுதிச்சு. ஒரு ஊரைத் தண்டிச்சதில் மத்த குடியேற்றங்களும் ஒண்ணு சேர்ந்தன. செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் மாநாடு, 1775 ஏப்ரலில் முதல் துப்பாக்கிச் சூடு, 1776 ஜூலை 4-ல் சுதந்திரப் பிரகடனம்.

இப்போ ஒரு ஆடிட்டர் கணக்கு

92,000 ராத்தலை 3 பென்ஸால் பெருக்கினா 2,76,000 பென்ஸ். 240-ஆல் வகுத்தா 1,150 பவுண்டு. பாஸ்டனில் அந்த மூணு கப்பலுக்கு லண்டன் கேட்ட வரி இவ்வளவுதான்.

- கேட்ட வரி: சுமார் 1,150 பவுண்டு
- கம்பெனி சொன்ன டீ நஷ்டம்: 9,659 பவுண்டு
- 1783-ல் போர் முடிஞ்சப்போ பிரிட்டன் அரசுக் கடன்: 23 கோடி பவுண்டுக்கு மேல்
- கையை விட்டுப் போனது: 13 குடியேற்றங்கள்

13 கோடிக் கடனைச் சமாளிக்கப் போட ஆரம்பிச்ச வரி, கடனை 23 கோடிக்கு மேல் கொண்டு போய் விட்டது. இன்னொரு வேடிக்கை: போர் நடந்துட்டு இருக்கும்போதே, 1778-ல், வருமானத்துக்காகக் குடியேற்றங்கள் மேல் இனி வரி போட மாட்டோம்னு லண்டனே சட்டம் போட்டது. அஞ்சு வருஷம் முன்னாடி 3 பென்ஸை எடுத்திருந்தா போதும்.

நாம எடுத்துக்க வேண்டியது

ரிட்டர்ன் தாக்கல் சீசன்ல என்கிட்ட வர்ற பெரும்பாலானவங்க ஒரே கேள்விதான் கேட்பாங்க: "சார், எவ்ளோ கட்டணும்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா அது மூணுல ஒண்ணுதான்.

1. எவ்வளவு? விகிதத்தோட நிறுத்தாதீங்க. 6 பென்ஸ் 3 பென்ஸான கதை ஞாபகம் இருக்கட்டும். விகிதம் குறைஞ்சும் நீங்க கட்டுற தொகை கூடலாம், கூடியும் குறையலாம். உங்க சம்பளத்தை வெச்சு முழுத் தொகையைப் போட்டுப் பாருங்க. விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வரியையும் பில்லில் தேடிப் படிங்க.

2. யார் முடிவு பண்ணாங்க? சட்டத்தின் அதிகாரம் இல்லாம எந்த வரியும் போடவோ வசூலிக்கவோ கூடாதுன்னு நம்ம அரசியலமைப்பின் 265-வது பிரிவு சொல்லுது. பாஸ்டன்காரங்களுக்கு இல்லாத ஒண்ணு நம்மகிட்ட இருக்கு: வரி போடுற சபைக்கு ஆள் அனுப்புற ஓட்டு. அதனாலதான் அந்த கமெண்டை நான் ஏத்துக்கலை. பட்ஜெட் அன்னைக்குப் புலம்பிட்டு, தேர்தல் அன்னைக்கு லீவுன்னு தூங்கினா, கையில இருக்கிற பிரதிநிதித்துவத்தை நாமளே கடல்ல கொட்டுறோம்.

3. எங்கே போகுது? பாஸ்டன் சண்டையோட உயிர் இதுதான். அந்த 3 பென்ஸ் யார் சம்பளமா மாறப் போகுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. உங்க சம்பளச் சீட்டை எடுங்க. வருமான வரியோட ஒரு பங்கு மாநிலங்களுக்குப் பிரியுது. அதோட சேர்த்து வாங்குற 4 சதவீத செஸ், மாநிலங்களுக்குப் பங்கு போகாம ஒன்றிய அரசிடமே நிக்குது. தொழில் வரி தமிழ்நாட்டில் உங்க உள்ளாட்சிக்குப் போகுது. தெரு விளக்கு எரியலைன்னா யாரைக் கேட்கணும்னு இப்போ புரியுதா? டிடிஎஸ் பிடிச்சது உங்க பேர்ல வரவு ஆகியிருக்கான்னு வருமான வரித் தளத்தில் பார்க்கிறதும் இதே கேள்வியில்தான் அடங்கும்.

ஆரம்பத்தில் ஒரு நியாயம் சொன்னேனே, "உங்களைக் காக்கத்தானே படை, நீங்களும் கொடுங்க"ன்னு? அது தப்பான கேள்வி இல்லை. கேட்ட விதம்தான் தப்பு. உட்கார்ந்து பேசி வாங்க வேண்டியதை, மலிவு விலைக்குள்ள ஒளிச்சு வாங்கப் பார்த்தாங்க. யாராவது எதையாவது ரொம்ப மலிவாக் கொடுத்தா, அது டீயோ, கிரெடிட் கார்டோ, வட்டியில்லாத இஎம்ஐ-யோ, விலையைப் பார்த்ததும் கையெழுத்துப் போடாதீங்க. வாங்கினா எதுக்கெல்லாம் சம்மதிச்சதா ஆகும்னு படிச்சுட்டுப் போடுங்க.

இந்த மாசச் சம்பளச் சீட்டில் ஒவ்வொரு பிடித்தத்துக்கும் பக்கத்தில், அது யாருக்குப் போகுதுன்னு எழுதிப் பாருங்க. எந்த வரி புரியலையோ அதை கமெண்ட்ல கேளுங்க, அடுத்த வீடியோவில் எடுத்துப் பேசுறேன்.